சூடு தெரியாத கால்

முருகன் துணை
திருத்தணி
14-11-84

அன்புள்ள தம்பி கிருஷ்ணனுக்கு அக்கா பூவம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் உன் பாவாவும் நலம். என் முதுகு மட்டும் நலமில்லை. அதைத் தனியாக விசாரித்து எழுது, இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளும். பிலாய் குளிரில் நீயும் கமலாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்?

தீபாவளிக்கு வராமல் நீ புது அக்காவைப் பார்க்கத் தவறிவிட்டாய். எலும்பு மஜ்ஜையில் புற்று என்று போன வருஷம் மெட்ராசில் சொன்னபோது, நான் துரும்பாக இளைத்துவிடுவேன் என்றுதானே எல்லாரும் அழுதீர்கள்? மாதா மாதம் அதற்கான மாத்திரை தின்று தின்று முகம் பணியாரம் மாதிரி உப்பிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு ரத்தினம்மாள், "இன்னாக்கா, மெட்ராஸ் சோறு நல்லா ஒத்துக்கினு போச்சா?" என்று கேட்கிறாள். அந்த மாத்திரை நாட்களில் தூக்கமும் இல்லை, பசியும் அடங்குவதில்லை. பூனைக்கு வைத்த சோற்றைக்கூட ஒரு பார்வை பார்க்கிறேன்.

முதுகெலும்பு நசுங்கியதில் ஆள் வேறு குள்ளமாகிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து என்னை அண்ணாந்து பார்த்த உன் பாவா இப்போது குனிந்து பார்க்கிறார். பள்ளிப்பட்டு பஸ் கண்டக்டர் புத்தி எங்கே போகும்? "உனக்கு இனிமே அரை டிக்கெட்தாண்டி" என்கிறார். குடம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது. கிட்னிக்காகத் தண்ணீர் மட்டும் குளம் குளமாகக் குடிக்க வேண்டும்.

மாதம் ஒரு தரம் மெட்ராசில் பாட்டில் ஏற்றி, அதோடு ஊசியும் போடுகிறார்கள். அந்த ஒல்லி டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான். "கை கால் மரத்துப்போகுதாம்மா? மறைக்காம சொல்லணும். மரத்துப்போனா இந்த ஊசியை நிறுத்தணும்." நான் சொன்னேன், "என் கால்மேல எறும்பு ஊர்ந்தா அது ஆணா பொண்ணான்னு சொல்லிடுவேன் டாக்டரம்மா." சிரித்துவிட்டு ஊசியைப் போட்டது.

கமலாவை ஸ்வெட்டர் போடச் சொல். பிள்ளைகளுக்கு முத்தம். நீயும் ஒன்று எடுத்துக்கொள், மிச்சமிருந்தால்.

இப்படிக்கு உன் அரை டிக்கெட் அக்கா,
பூவம்மாள்

*

பிலாய்
9-12-84

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி கிருஷ்ணன் வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். நீயும் பாவாவும் சுகம் என்று அடுத்த கடிதத்திலும் பார்க்க வேண்டும். உன் முதுகை நான் தனியாக விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தைக் கமலா சத்தமாகப் படித்தாள். பணியாரம் என்ற இடத்தில் சிரித்தாள். முதுகெலும்பு என்ற இடத்தில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மீதியைப் படித்தேன்.

உன் வாய்க்கு ஒரு மாத்திரை கொடுக்க அந்த ஆஸ்பத்திரியில் யாருமில்லையா? டாக்டரிடம் கூடவா விளையாட்டு? நைனாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது அவரும் இப்படித்தான், வெங்கடம்மா கடை போண்டா வேலை செய்கிறது என்று சிரித்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் வரைக்கும் சிரித்தார். அதற்குப்பிறகு நமக்கு நைனா இல்லை. எனக்கு அந்தச் சிரிப்பு பயம், அக்கா. நீ சிரித்து எழுதினால் இரண்டு தடவை படிக்கிறேன்.

பாவாவை ஒவ்வொரு முறையும் கூட அழைத்துப் போ.

உன் தம்பி,
கிருஷ்ணன்

*

முருகன் துணை
திருத்தணி
22-1-85

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசி. பொங்கல் பொங்கியது, நாங்களும் பொங்கினோம். உன் வீட்டில் பால் பொங்கியதா, இல்லை பிலாய் குளிரில் தயிராக உறைந்ததா?

ஒரு கூத்து கேள். பொங்கலுக்கு முந்தின நாள் கரும்பு வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். ரத்தினம்மாள் கூட வந்தாள். வீட்டு வாசலில் ஏறும்போது அவள் என் காலைப் பார்த்து, "அக்கா, ஒத்தச் செருப்போட எங்க போய்க்கினு வர்ற?" என்றாள். பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை! மார்க்கெட்டில் விழுந்ததோ, ரயில்வே கேட்டில் விழுந்ததோ. "சாமிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு பங்கு போட்டுட்டேன்" என்றேன். தெருவே சிரித்தது. உன் பாவா மட்டும் சிரிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தச் செருப்பைத் தேடப் போனார். கிடைக்கவில்லை. ஒரு செருப்புக்கு இவ்வளவு துக்கமா, கஞ்சன்!

ரவிக்கைக்குக் கொக்கி மாட்ட இப்போது கை வருவதில்லை. பெரிய பொத்தான் வைத்துத் தைத்துக்கொண்டேன். பார்க்க போலீஸ்காரி மாதிரி இருக்கிறேன், அதனால் ரத்தினம்மாள் சர்க்கரை கடன் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மற்றபடி உடம்பு நன்றாக இருக்கிறது. ஊசி தவறாமல் போடுகிறேன். கமலாவின் இருமல் எப்படி?

உன் போலீஸ் அக்கா,
பூவம்மாள்

*

பிலாய்
8-2-85

அக்காவுக்கு வணக்கம். எல்லாரும் நலம். கமலாவுக்கு இருமல் இல்லை, இருந்ததும் இல்லை. பேச்சை மாற்றுவதற்காக என் பெண்டாட்டிக்கு நோய் வைக்காதே.

செருப்பு கழன்றது தெரியாமல் மார்க்கெட்டிலிருந்து வீடு வரை நடந்தாயா? கொக்கி மாட்டக் கை வரவில்லையா?

எங்கள் மில்லில் சிவப்பாகப் பழுத்த இரும்புக் கம்பி ஓடும் பக்கம் ஒருவர் வேலை செய்தார். சர்க்கரை வியாதிக்காரர், பாதத்தில் உணர்ச்சி இல்லாமல் போயிருந்தது. வெளியே சொன்னால் வேறு பகுதிக்கு மாற்றிவிடுவார்கள் என்று மறைத்தார். பூட்ஸ் ஓட்டைக்குள் ஒரு பொறி புகுந்திருக்கிறது. ஷிப்ட் முடியும் வரை அதன்மேலேயே நின்றிருக்கிறார். பூட்ஸைக் கழற்றும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அதைப்பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன்.

ஒரே கேள்வி கேட்கிறேன். ஆமாம், இல்லை என்று எழுது. உன் கால் மரத்துப்போய்விட்டதா?

பதிலை உடனே எதிர்பார்க்கும் தம்பி,
கிருஷ்ணன்

*

முருகன் துணை
திருத்தணி
11-4-85

அன்புள்ள தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். பதில் போடத் தாமதம், மன்னித்துவிடு. வேலை நிறைய. என்ன வேலை என்று கேட்காதே.

இங்கே ஓர் அதிசயம் நடந்துவிட்டது. பங்குனி உத்திரத்துக்கு மலைமேல் போனோம். பயப்படாதே, படி ஏறவில்லை, பஸ்ஸில்தான். உச்சி வெயில். கோயில் கல்தரை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. ஜனங்கள் எல்லாம் காலைத் தூக்கித் தூக்கி ஓடினார்கள். உன் பாவா நடுவில் குதித்த குதியைப் பார்த்திருந்தால் ஒரு மாதம் சிரிப்பாய். நான் நடுக்கல்லில் நின்று அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். நின்றுகொண்டே இருந்தேன்.

ரத்தினம்மாள் ஓடின ஓட்டத்தில் திரும்பிப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். கல்லைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். அப்படியே என் காலில் விழுந்துவிட்டாள், தம்பி! "அம்மா தாயே, அம்மன் உங்கிட்ட வந்துகினு இருக்கா! சூடு தெரியாத காலு இது!" என்று கத்துகிறாள். நாலு பேர் கூடினார்கள். ஒருத்தி திருநீறு கேட்டாள். நோயை அம்மன் இறக்கிக்கொண்டாள் என்று சொன்னார்கள். நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். உன் பாவா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது தெருவில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. வைகாசியில் கே.ஜி.கண்டிகை பக்கம் திரௌபதி அம்மன் தீமிதி. அருள் வந்த கால் குண்டத்தில் இறங்கியே ஆகவேண்டும் என்று ஊரார் உன் பாவாவிடம் கேட்டார்கள். அவர் என் காலைப் பார்த்தார். நான்தான், "அதுக்கென்ன, இறங்கிட்டாப் போச்சு" என்றேன். வாயை விட்டுப் போய்விட்டது.

உள்ளங்காலில் இரண்டு கொப்புளம். ஆறிவிடும்.

நீ ஏதோ கேட்டிருந்தாய். மறந்துவிட்டேன்.

அக்கா,
பூவம்மாள்

*

பிலாய்
20-4-85

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று பொறுமை இல்லை.

அது அருள் இல்லை. அருளுக்குக் கொப்புளம் வராது. உனக்கே தெரியும். தெரிந்துதான் கேள்வியை மறந்தாய்.

கொப்புளம் புண்ணாகும். உன் மருந்துக்கு ரத்தம் தேறுவதில்லை, காய்ச்சல் வந்தாலே தாங்காது என்று நீயே முன்பு எழுதினாய். தரை தெரியாத காலோடு நெருப்பில் நடந்தால் தடுமாறுவாய். நசுங்கின முதுகோடு குண்டத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அடுத்த ஊசிக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லிவிடு. சொன்னேன் என்று எனக்கு எழுது. எழுதாவிட்டால் பாவாவுக்கு எழுதுவேன்.

கிருஷ்ணன்

*

திருத்தணி
6-5-85

தம்பிக்கு,

பாவா பஸ்ஸுக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆமாம். மரத்துப்போய்விட்டது. ஆவணியில் விரல் நுனியில் ஆரம்பித்தது, பஞ்சைச் சுற்றிவிட்ட மாதிரி. இப்போது கணுக்கால் வரை இல்லை. இருக்கிறது, ஆனால் யாருடைய காலோ. இருட்டில் நடந்தால் தரை எங்கே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு தேடுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்கிறாய். போன வருஷம் என் பக்கத்துக் கட்டிலில் ஜெயம்மாள் என்று ஒருத்தி இருந்தாள், ஆரணிக்காரி. எனக்கிருக்கும் அதே நோய், அதே ஊசி. கால் மரத்துப்போகிறது என்று அவள் சொன்னாள். ஊசியை நிறுத்தினார்கள். அடுத்த மாதம் நான் போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஆள். நர்ஸிடம் கேட்கப் போனேன். கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

காலா, நானா என்றால் நான் என்ன சொல்வேன், நீயே சொல். கால் போனால் போகட்டும் என்று அந்த டாக்டரம்மா முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். போன வாரமும் சிரித்தேன். ஊசி போட்டார்கள்.

மஞ்சள் கயிற்றுக் காப்பு கட்டியாகிவிட்டது. இறங்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் ஊசி நிற்கும். எனக்கு நெருப்பைப் பார்த்துப் பயமில்லை தம்பி. அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துத்தான்.

பாவாவுக்கு எழுதாதே. அவர் இப்போதுதான் சோறு ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

பூவம்மாள்

*

பிலாய்
14-5-85

அன்புள்ள பாவாவுக்குக் கிருஷ்ணன் வணக்கம்.

லீவு கேட்டேன், மில்லில் பெரிய பழுது வேலை, கிடைக்கவில்லை. அதனால் இந்தக் கடிதம் என் இடத்தில் வருகிறது.

அக்காவுக்குக் கால் இரண்டும் மரத்துப்போய்விட்டன. அருள் எதுவும் இல்லை. டாக்டரிடம் மறைக்கிறது. அக்காவைக் குண்டத்தில் இறங்க விடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். என்மேல் அக்கா கோபப்படட்டும், இருந்து கோபப்படட்டும்.

கிருஷ்ணன்

*

திருத்தணி
2-6-85

அன்புள்ள மச்சான் கிருஷ்ணனுக்கு மணவாளன் எழுதுவது. பூவு உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன்.

உன் கடிதம் தீமிதிக்கு மறுநாள் வந்தது. முன்னால் வந்திருந்தாலும் எனக்கு அதில் புதுச் சேதி இல்லை. பொங்கலுக்கு அந்தச் செருப்பைத் தேடிப் போனேனே, செருப்புக்காகவா போனேன்? வழியில் கண்ணாடி, முள், எதை எல்லாம் மிதித்தாள் என்று பார்த்துக்கொண்டே போனேன். பிறகு ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் காலைக் கிள்ளினேன். உன் அக்கா பேச்சை நிறுத்தவில்லை. அப்புறம் என் கையைப் பார்த்துவிட்டு "ஆ" என்று கத்தினாள். அந்த "ஆ" தாமதமாக வந்தது, மச்சான். அதற்கு நடுவில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ கேட்பாய். அந்த டாக்டரம்மா சொல்லும்போது நானும்தானே பக்கத்தில் நின்றேன். ஊசியை நிறுத்திவிட்டால்? நான் சொல்லி, அதனால் அவளுக்கு ஏதாவது ஆனால்? ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் காவல் காத்தோம்.

அவள் காப்பு கட்டிய அன்று நானும் கட்டிக்கொண்டேன். அவளுக்குப் பின்னாலேயே இறங்குவது, தடுமாறினால் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவது என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்க என் மூளைக்கு முடியவில்லை.

சாயங்காலம் ஈர மஞ்சள் புடவையும் கையில் வேப்பிலையுமாகக் குண்டத்தின் ஓரத்தில் வரிசையில் நின்றோம். உடுக்கை அடிக்கிறார்கள். முன்னால் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அவள் என் பக்கம் திரும்பி, "ஏதோ தீயுற வாசனை வருதுங்க, யார் புடவைன்னு பாருங்க" என்றாள். நான் முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். யார் புடவையும் இல்லை. கீழே பார்த்தேன். குண்டத்திலிருந்து உருண்டு வந்த கங்கு ஒன்று. அதன்மேல் அவள் வலது கால். அவள் இன்னும் ஊரார் புடவைகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் கத்தினேன். அவளைத் தூக்கினேன். எனக்குச் சாமி வந்துவிட்டது என்று ஜனங்கள் வழிவிட்டார்கள். என் தோளில் இருந்துகொண்டு, "இன்னாங்க, இன்னாங்க ஆச்சு?" என்று கேட்கிறாள். "உன் காலுடி" என்றேன். அப்போதுதான் குனிந்து பார்த்தாள். அதற்கப்புறம் அழுதாள். வலித்து இல்லை.

மெட்ராசில் சேர்த்திருக்கிறேன். புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. கட்டை விரலில் பாதி எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். நேற்று பஸ்ஸில் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன்.

மணவாளன்

*

முருகன் துணை
திருத்தணி
19-7-85

அன்புள்ள தம்பி கிருஷ்ணனுக்கு முக்கால் கட்டை விரலை இழந்த அக்கா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. பாதிதான், பாவா சொன்னது சரி. பேச்சுக்குக் கொஞ்சம் கூட்டினேன். வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ, கமலா, பிள்ளைகள் சுகமா? கமலாவுக்கு இருமல் இல்லை என்று தெரியும், விசாரிக்க மாட்டேன்.

நீ அனுப்பிய கான்வாஸ் ஷூ வந்து சேர்ந்தது. மழைத்தண்ணி படாமல், கல் படாமல், வீட்டுக்குள்ளும் அதைத்தான் போட்டு நடக்கிறேன். ரத்தினம்மாள் வந்து பார்த்துவிட்டு, "அம்மனுக்கு ஷூ போட்டுட்டாங்க" என்று போனாள். அவள் இன்னும் விடவில்லை. காப்பு கட்டியும் இறங்கவில்லையே, குற்றமாகுமோ என்று உன் பாவா பூசாரியைக் கேட்டார். அவர் என் கால் கட்டைப் பார்த்து, "நெருப்பைத்தான் மிதிச்சாச்சே, இன்னும் இன்னா பாக்கி?" என்று கயிற்றை அவிழ்த்துவிட்டார். நல்ல மனுஷன்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கட்டில்மேல் உட்கார்ந்து, "அந்த ஒரு ஊசிதாம்மா நிக்குது. வைத்தியம் நிக்கல. மாத்திரை இருக்கு. முன்னாடியே சொல்லியிருந்தா ஊசியைக் குறைச்சுப் பார்த்திருப்பேன்" என்றது. கால் திரும்ப வருமா என்று கேட்டேன். மெதுவாக வரலாம், வராமலும் இருக்கலாம் என்றது. மாத்திரை மட்டும் போதுமா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றது. அந்தப் பக்கத்துக் கட்டில் ஜெயம்மாள் என்ன ஆனாள் என்றும் கடைசியில் கேட்டுவிட்டேன். கொஞ்சம் யோசித்து, "எந்த ஜெயம்மாள்?" என்றது.

அன்றைக்கு அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பயம் போகவில்லை, தம்பி. முன்னால் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்தேன், குடம் தூக்கக் கூடாது என்று சொல்லியும். இப்போது ஒரு பக்கம் உன் பாவா பிடிக்கிறார், அவ்வளவுதான். அவருக்கும் பயம்தான்.

டாக்டரம்மா சொன்னபடி தினம் சாயங்காலம் என் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். என்னால் குனிய முடியாது, அதனால் அது உன் பாவா வேலை. பஸ்ஸிலிருந்து வந்து கைகழுவி, பையைக்கூடக் கழற்றாமல் உட்காருகிறார். "டிக்கெட், டிக்கெட்" என்கிறார். நான் ஒரு காலை நீட்டுகிறேன். விரல் இடுக்கு எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த காலைக் கேட்கிறார். ஒன்றுமில்லை என்றால் "போலாம் ரைட்".

நேற்று ரைட் சொல்லவில்லை. "ஆ!" என்று கத்திவிட்டார். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஷூவைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஒரு கருவேல முள். எப்போது ஏறியதோ. முள் என் காலில், கத்தினது அவர். பிடுங்கிவிட்டு அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதாடி?" என்று கேட்டார்.

இத்தனை மாதமாக அந்தக் கேள்விக்கு "ஆங், வலிக்குதுங்க" என்றுதான் அவரிடம் சொல்லிவந்தேன். நேற்று, "இல்லீங்க, ஒண்ணுமே தெரியல" என்றேன்.

அவர் தலையாட்டினார். காலை விடவில்லை. பிடித்திருக்கிறார் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆடிக் கிருத்திகைக்குக் கட்டாயம் வா. மலைமேல் சுடுகல்லில் குதிக்க ஒரு ஆள் குறைகிறது.

அக்கா,
பூவம்மாள்